மலை வீட்டை ஹோம்ஸ்டே ஆக்குவதற்கு முன்: அனுமதி, பதிவு, வரி – முழுமையான வழிகாட்டி

கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டினாற்போல் உள்ள இரண்டு அறைகளை விருந்தினர்களுக்கு விடுகிறோம். அதனாலேயே மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "அண்ணா, அப்பா கட்டின வீடு ஊட்டியில சும்மா பூட்டிக் கிடக்கு. ஏர்பிஎன்பி-ல போட்டுடலாம்னு இருக்கோம். ஜிஎஸ்டி எடுக்கணுமா?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "வீட்டுக்கு ப்ளான் அப்ரூவல் காகிதம் கையில் இருக்கா?" பெரும்பாலும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது.

வரியைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆனால் இரண்டு மூன்று அறை வைத்திருக்கும் ஒருவருக்கு வரி பெரிய பாரமே இல்லை. தாமதமானால் வட்டியும் அபராதமும் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். கட்டட அனுமதி அப்படி இல்லை. அதில் கோளாறு இருந்தால் கதவில் சீல் விழும். கட்டில், ஹீட்டர், பெயின்ட் என்று போட்ட பணம் உள்ளேயே கிடக்கும். அதனால் இந்த வழிகாட்டியைக் காகிதங்களைப் பார்க்க வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலை ஊர்களை மனதில் வைத்து எழுதுவது இது. வரி பற்றிய பகுதி தமிழ்நாட்டில் எந்த ஊருக்கும் பொருந்தும்.

முதலில் நிலம், அப்புறம் கட்டடம்

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, பத்திரம், கட்டட வரைபட அனுமதி, கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீது. இந்த ஆறையும் மேசையில் பரப்பிவையுங்கள். சர்வே எண் போட்டிருக்கும் காகிதங்களில் எல்லாம் அது ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். உட்பிரிவு செய்த பழைய நிலங்களில் பத்திரத்தில் ஓர் எண்ணும் பட்டாவில் வேறோர் எண்ணும் இருக்கும். இதைச் சரிசெய்யாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் திரும்பி வர வேண்டியதுதான்.

அடுத்து, உங்கள் கிராமம் ‘ஹாகா’ பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள். ஹாகா என்று எல்லாரும் சொல்வது மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை. 1990-ல் வந்த அரசாணைப்படி, பட்டியலில் உள்ள மலைக் கிராமங்களில் கட்டட அனுமதிக்குச் சமவெளியைவிடக் கூடுதலான கட்டங்கள் உண்டு. இடத்தைப் பொறுத்து வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டிவரும். சரிவு எவ்வளவு, மண் எப்படி, காடு எவ்வளவு பக்கத்தில் என்று பார்ப்பார்கள். மழைக்காலத்தில் இங்கே மண் சரிந்து வீடுகள் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சான்றுகள் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

சில இடங்களில், எவ்வளவு ஆசைப்பட்டாலும், கைவைக்காமல் இருப்பதே நல்லது. ஒன்று, மசினகுடியைச் சுற்றிய சீகூர் பகுதி யானை வழித்தடம். 2010-ல் அரசு அதை அறிவிக்கை செய்தது, 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அங்கிருந்த விடுதிகளை மூடி சீல் வைக்கச் சொன்னது. 2020 அக்டோபர் 14 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதியும் செய்தது. இன்னொன்று, கூடலூர்ப் பக்கத்து ஜென்ம நிலங்கள், அதாவது முன்பு ஜென்மி என்ற நிலக்கிழார்களின் கையில் இருந்தவை. 1969-ஆம் ஆண்டு ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் மாட்டியிருக்கும் நிலத்தில் தலைமுறையாகக் குடியிருப்பவர்களே உரிமைக்காக அலைகிறார்கள். அங்கே மலிவாக ஒரு வீடு வருகிறது, வாங்கி ஹோம்ஸ்டே போடலாம் என்று புரோக்கர் சொன்னால், சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு நேராக வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். அட்வான்ஸ் கொடுப்பது அதற்குப் பிறகு.

சரி, நிலம் சுத்தம். இப்போது வரைபடம்.

எங்கள் வீட்டு வரைபடம் அம்மாவின் இரும்புப் பெட்டிக்குள், பட்டுப் புடவைக்கு அடியில், நாலாக மடித்துக் கிடந்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, ஓரம் பழுப்பேறி இருந்தது. அதில் ஊதா மையில் ஒரு முத்திரை. பக்கத்தில் கையெழுத்தில் ‘குடியிருப்பு’ என்று ஒரே ஒரு சொல். எல்லாமே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. குடியிருப்புக்கு என்று அனுமதி வாங்கிய கட்டடத்தை முழுக்க முழுக்க லாட்ஜாக நடத்தினால் அது பயன்பாட்டு மாற்றம். 2019-ல் கொடைக்கானலில் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் விதிமீறிய கட்டடங்களுக்கு நகராட்சி வரிசையாக சீல் வைத்ததை நினைத்துப் பாருங்கள். பெரிய ஓட்டல்காரர்கள் மட்டும் அதில் சிக்கவில்லை.

ஹோம்ஸ்டே என்ற சொல்லுக்கு அர்த்தம் இருப்பதும் இங்கேதான். நீங்கள் குடும்பத்தோடு அதே வீட்டில் இருந்துகொண்டு, உபரி அறைகளை விருந்தினருக்குக் கொடுப்பதுதான் ஹோம்ஸ்டே. நீங்கள் சென்னையிலோ துபாயிலோ இருந்துகொண்டு, சாவியைக் காவலாளியிடம் கொடுத்து முழு வீட்டையும் வாடகைக்கு விட்டால், பெயர்ப்பலகையில் என்ன எழுதினாலும் அது காட்டேஜ் தொழில். அதற்கு வணிகப் பயன்பாட்டு அனுமதி வேண்டும். எனக்குத் தெரிந்து ஹோம்ஸ்டேகாரர்கள் மாட்டிக்கொள்வது அதிகமும் இந்த வித்தியாசத்தை மறைக்கப் போய்த்தான்.

வரைபடத்தில் உள்ளபடியே வீடு இருக்கிறதா என்பதையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இடையில் எழுப்பிய ஓர் அறை, மூடிய வராண்டா, மொட்டைமாடியில் போட்ட தகர ஷெட் எல்லாமே அனுமதி இல்லாத கட்டுமானம்தான். நீலகிரியில் கட்டடத்தின் உயரத்துக்கே தனிக் கட்டுப்பாடு இருப்பதால், "மேலே ஒரு ரூம் மட்டும்" என்ற யோசனை மிகவும் ஆபத்தானது.

உள்ளாட்சி: வரியும் உரிமமும்

நகராட்சியோ பேரூராட்சியோ ஊராட்சியோ, உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் மூன்று விஷயம் முடிக்க வேண்டும்.

முதலாவது தொழில் உரிமம். தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2023 விதிகளும் உள்ளன. ஊராட்சிகளுக்கு 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம். விண்ணப்பத்தில் தொழிலின் பெயரை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். ‘வாடகைக்கு விடுதல்’ என்று பொதுவாக எழுதிவிட்டுப் பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

இரண்டாவது சொத்து வரி. குடியிருப்புக்கும் வணிகத்துக்கும் வீதம் வேறு. பயன்பாடு மாறினால் நாமே போய்ச் சொல்லிவிடுவது நல்லது. கட்டடத்தில் எந்தப் பகுதி குடியிருப்பு, எந்தப் பகுதி விருந்தினருக்கு என்று சதுர அடியோடு எழுதிக் கொடுத்தால் முழு வீட்டையும் வணிகமாகப் போட்டுவிடாமல் பேச இடமிருக்கும். நகர்ப்புறங்களில் சொத்து வரியை அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுகிறோம். அரையாண்டின் முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரல் 30-க்குள் அல்லது அக்டோபர் 31-க்குள், கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. அதிகபட்சம் 5,000 ரூபாய். தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

மூன்றாவது தொழில் வரி. இது வருமானத்தைப் பொறுத்தது. அரசியல் சட்டத்தின் 276-ஆம் பிரிவின்படி ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போக முடியாது.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய வழிகாட்டிகளில் ‘சொகுசு வரி’ என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். விடுதி அறைகளுக்கு மாநில அரசு வாங்கிக்கொண்டிருந்த வரி அது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததோடு அது போய்விட்டது. இப்போது யாராவது அந்தப் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

சுற்றுலாத் துறைப் பதிவு

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘இன்கிரெடிபிள் இந்தியா’ பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட், ஹோம்ஸ்டே திட்டம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதில் சேர ஒன்று முதல் ஆறு அறைகள் வரை இருக்கலாம். உரிமையாளரோ அவர் குடும்பமோ அங்கேயே வசிக்க வேண்டும். தரத்தைப் பார்த்துத் தங்கம், வெள்ளி என்று இரண்டு வகையில் சான்று தருகிறார்கள். விண்ணப்பம் ‘நிதி’ என்ற இணையதளம் வழியாக. தமிழ்நாடு சுற்றுலாத் துறையும் ஹோம்ஸ்டேக்களைத் தனியாகப் பதிவு செய்கிறது. மாவட்ட சுற்றுலா அலுவலரை நேரில் பார்த்தால் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய காகிதங்களின் பட்டியல் கிடைக்கும்.

இதனால் என்ன பயன் என்று கேட்பார்கள். வாடிக்கையாளர் வருவது இதனால் பெரிதாகக் கூடிவிடாது. ஆனால் யாராவது புகார் கொடுத்து அதிகாரி வந்து நிற்கும்போது, குடும்பத்தோடு வசித்துக்கொண்டு பதிவு செய்து நடத்தும் வீடு இது என்று காட்ட ஒரு காகிதம் இருக்கும். வங்கிக் கடனுக்கும் உதவும். ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் என்று 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். கடன் கேட்டுப் போனால் வங்கியில் முதலில் கேட்பது பதிவுச் சான்றைத்தான்.

மின்சாரம், சாப்பாடு, கழிவுநீர்

வீட்டு இணைப்பில் வணிகம் நடத்தினால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி அது அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போது தொடங்கியது என்று கணக்கிட முடியாவிட்டால் கடந்த 12 மாதத்துக்கும் சேர்த்துப் போடலாம். விருந்தினர் அறைகளுக்குத் தனி மீட்டர் வாங்கிவிடுவதுதான் என் யோசனை. நாமும் வீட்டு உபயோகத்துக்கான சலுகையை நம் மீட்டரில் நிம்மதியாக வாங்கிக்கொள்ளலாம்.

சமைத்துப் பரிமாறினால், காலை இட்லி மட்டும்தான் என்றாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் அடிப்படைப் பதிவு வேண்டும். இணையத்திலேயே முடியும், செலவும் மிகக் குறைவு. செப்டிக் டேங்க் நான்கு பேருக்குக் கட்டியதா, பதினான்கு பேருக்குக் கட்டியதா என்று யோசியுங்கள். சரிவில் இருக்கும் வீட்டில் அது நிரம்பி வழிந்தால் கீழ்வீட்டுக்காரரின் கிணறு போச்சு.

யார் வருகிறார்கள், யார் போகிறார்கள்

பதிவேடு ஒன்று கட்டாயம். பெயர், முகவரி, போன் எண், அடையாள அட்டை, வண்டி எண், வந்த நேரம், போன நேரம். ஒவ்வொரு பெரியவருக்கும் தனிப் பதிவு. ஆதார் கொடுத்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் வகையில் மறைத்த நகலை வாங்குங்கள். அந்த நகல்களைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். நம்மை நம்பிக் கொடுக்கும் காகிதம் அது.

வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் தகவல் ஏற்ற வேண்டும். எல்லாரும் ‘படிவம் சி’ என்று சொல்வது இதைத்தான். 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின் இடத்தில் 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்ற மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்துவிட்டது. சட்டம் மாறினாலும் தங்க வைப்பவரின் இந்தக் கடமை அப்படியே இருக்கிறது. ஓட்டலுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம், ஓர் அறை கொடுத்தாலும் உண்டு. கடவுச்சீட்டின் விவரப் பக்கம், விசா, வந்து இறங்கிய தேதி, அடுத்து எங்கே போகிறார் என்ற விவரம், புகைப்படம் எல்லாம் வேண்டும். இந்தத் தளத்தில் முன்கூட்டியே உங்கள் வீட்டைப் பதிவு செய்து கணக்கு வாங்கியிருக்க வேண்டும். விருந்தினர் வந்த பிறகு கணக்குத் திறக்க ஆரம்பித்தால் நேரம் போதாது.

இதில் நம்மவர்கள் தவறுகிற இடம் ஒன்று உண்டு. எங்களிடம் ஒரு முறை ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு குடும்பம் வந்தது. நல்ல மழை, கரண்ட் இல்லை. "வணக்கம் அண்ணே, வழி தவறிட்டோம்" என்று அவர் பேசிய தமிழைக் கேட்டு, மதுரைப் பக்கமோ என்று நினைத்துக்கொண்டேன். சூடாக ரசம் சாதம் போட்டு உட்கார வைத்த பிறகுதான் அந்த அம்மா பையிலிருந்து ஐந்து மலேசியக் கடவுச்சீட்டை எடுத்து நீட்டினார். ஜொகூரிலிருந்து வந்தவர்கள். டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து, சிக்னலுக்காக வாசலில் குடையோடு நின்று, நள்ளிரவில் ஏற்றி முடித்தேன். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா என்று எங்கிருந்து வந்தாலும், நம் வீட்டுப் பிள்ளை மாதிரி பேசினாலும், பார்க்க வேண்டியது கடவுச்சீட்டை. அன்றிலிருந்து முன்பதிவின்போதே "இந்தியக் கடவுச்சீட்டா, வெளிநாடா?" என்று கேட்டுவிடுகிறேன். யாரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

திருமணமாகாத ஜோடிக்கு அறை கொடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இருவரும் 18 வயது நிறைந்தவர்களாக, சரியான அடையாள அட்டையோடு வந்தால், தடுக்கிற சட்டம் எதுவும் இல்லை. கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டை இப்படி ஒரு காரணத்துக்காக சீல் வைத்த வழக்கில், 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. உரிய நடைமுறை இல்லாமல் சீல் வைத்ததும் தவறு என்றது. 18 வயது நிறையாத பிள்ளைகள் பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் வந்தால் மட்டும் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

ஜிஎஸ்டி: நிதானமாகப் பார்க்க வேண்டியது

முதலில் வரம்பு. சேவைத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் ஒரு நிதியாண்டின் மொத்த விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். இணையதளம் மூலம் அறை விட்டால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அது சரியல்ல. சேவை தருபவர்களுக்கு இந்த 20 லட்சம் வரம்பு இணையதள வியாபாரத்திலும் உண்டு என்று 2017-லேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் மொத்த விற்றுமுதல் என்பது ஹோம்ஸ்டே வருமானம் மட்டும் இல்லை. உங்கள் பான் எண்ணில் வரும் மற்ற சேவைகளும் சரக்குகளும் சேரும். ஓர் உதாரணம். ஒரு வில்லாவை இரவுக்கு 9,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 200 இரவு விடுகிறீர்கள், 18 லட்சம். ஊரில் ஒரு கடையை மாதம் 20,000-க்கு வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள், 2.40 லட்சம். கூட்டினால் 20.40 லட்சம். தாண்டிவிட்டீர்கள். தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டு வாடகை வரிவிலக்கு பெற்றதாக இருந்தாலும் இந்தக் கணக்கில் சேரும்.

வரி வீதம் ஒவ்வொரு அறையின் ஓர் இரவுக் கட்டணத்தைப் பொறுத்தது. 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். இந்த 5 சதவீதம் 2025 செப்டம்பர் 22 முதல் வந்தது, அதற்கு முன் 12 சதவீதமாக இருந்தது. 1,000 ரூபாய் வரையிலான அறைக்கு வரியே இல்லை என்ற பழைய சலுகை 2022 ஜூலை 18-ல் முடிந்துவிட்டது. இணையத்தில் இன்னும் பழைய வீதங்களே சுற்றுகின்றன, கவனமாக இருங்கள். 5 சதவீத வீதத்தில் உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாது. மெத்தைக்கும் ஹீட்டருக்கும் கொடுத்த ஜிஎஸ்டி உங்கள் செலவுதான். 18 சதவீதத்தில் எடுக்கலாம்.

மேலே சொன்ன வில்லாவை ஒரே அலகாக 9,000-க்கு விட்டால் ஓர் இரவுக்கு வரி 1,620 ரூபாய். அதே வீட்டின் மூன்று அறைகளைத் தனித்தனியாக 3,000 வீதம் விட்டால் அறைக்கு 150, மூன்றுக்கும் 450 ரூபாய். அதனால் தனித்தனியாக விட முடியும் என்றால் அப்படியே பட்டியலிடுங்கள். உண்மையிலேயே ஒரே குடும்பத்துக்கு முழு வீட்டையும் கொடுத்துவிட்டு பில்லில் மட்டும் மூன்றாகப் பிரிப்பது வேறு விஷயம். அது வரி ஏய்ப்பு, பட்டியல் பக்கத்தின் படமே அதற்குச் சாட்சி.

இப்போது 20 லட்சத்துக்குக் கீழே இருக்கும் சிறியவர்களின் நிலை. விருந்தினர் நேரடியாகப் போன் செய்து வந்தால் நீங்கள் ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. பதிவு இல்லாமல் பில்லில் ‘ஜிஎஸ்டி’ என்று ஒரு வரி போடுவதே குற்றம். ஏர்பிஎன்பி, மேக்மைட்ரிப் போன்ற தளத்தின் வழியாக வந்தால், மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவுப்படி அந்தத் தளமே விருந்தினரிடம் வரியை வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டும். இரவுக்கு 2,500 ரூபாய் அறை என்றால் விருந்தினர் 125 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பார், அது உங்கள் கைக்கு வராது. தளத்தில் பதிவு செய்யும்போது ‘ஜிஎஸ்டி எண் இல்லை’ என்பதைச் சரியாகக் குறித்துவிடுங்கள். இதை விட்டுவிட்டுப் பிறகு கணக்கு ஒத்துப்போகாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதிவு பெற்றவர் என்றால் நேர்மாறு. தளத்தின் வழியாக வந்தாலும் வரியை நீங்களே வாங்கி நீங்களே கட்ட வேண்டும். தளம் 0.5 சதவீதத்தை டிசிஎஸ் (மூலத்தில் வசூலிக்கும் வரி) என்று பிடித்துக்கொண்டு உங்கள் கணக்கில் காட்டும். 2024 ஜூலை 10-க்கு முன் இது 1 சதவீதமாக இருந்தது. ஜிஎஸ்டி தளத்தில் அதை ஏற்றுக்கொண்டால் உங்கள் ரொக்கப் பேரேட்டில் சேர்ந்துவிடும். மறந்துவிடாதீர்கள், அது உங்கள் பணம்.

மாணவர்களுக்கோ வேலைக்கு வந்தவர்களுக்கோ நீண்ட நாள் விட நினைத்தால் ஒரு நல்ல செய்தி. ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்கும்படி விட்டால் 2024 ஜூலை முதல் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. மழைக்காலத்தில் சுற்றுலா ஓய்ந்து கிடக்கும்போது இது யோசிக்க வேண்டிய வழி.

வருமான வரி

இரண்டு அறை, இரவுக்கு 2,500 ரூபாய், ஆண்டுக்கு 120 இரவு. மொத்தம் 6 லட்சம். இதையே வைத்துப் பார்ப்போம்.

முதலில் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி. தளத்தின் வழியாக வரும் தொகையில் 194-ஓ பிரிவுப்படி 0.1 சதவீதம் பிடிப்பார்கள், 6 லட்சத்துக்கு 600 ரூபாய். 2024 அக்டோபர் 1-க்கு முன் இது 1 சதவீதம். தனிநபராக இருந்து, பான் அல்லது ஆதார் கொடுத்து, அந்தத் தளத்தில் ஆண்டு விற்பனை 5 லட்சத்துக்குள் இருந்தால் பிடித்தமே இல்லை. பான் கொடுக்காவிட்டால் 5 சதவீதம், அதாவது 30,000 ரூபாய் போய்விடும். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வருவதால் இங்கே நான் சொல்லும் 194-ஓ, 44-ஏடி போன்ற பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய எண்ணைத் தேடிக் குழம்ப வேண்டாம்.

தளம் கமிஷன் போக மீதியைத்தான் வங்கிக் கணக்கில் போடும். ஆனால் வருமான வரித் துறைக்கு அது தெரிவிப்பது மொத்தத் தொகை. வங்கியில் வந்ததை மட்டும் வருமானமாகக் காட்டினால் ஆண்டுத் தகவல் அறிக்கையோடு ஒத்துப்போகாமல் நோட்டீஸ் வரும். மொத்தத்தை வருமானமாகவும் கமிஷனைச் செலவாகவும் எழுதுங்கள்.

எந்தத் தலைப்பில் காட்டுவது? இங்கேதான் ஆடிட்டர் வேண்டும். வீட்டுச் சொத்து வருமானம் என்றால், கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் நிலைக்கழிவு. நம் உதாரணத்தில் சொத்து வரியை விட்டுப் பார்த்தால் 4.20 லட்சம் வரிக்குரிய வருமானம். சமையல் சம்பளம், விறகு, கமிஷன் எதையும் தனியாகக் கழிக்க முடியாது. தொழில் வருமானம் என்றால் செலவுகளைக் கழிக்கலாம். அல்லது 44-ஏடி உத்தேச முறையில் வங்கி வழியாக வந்த தொகையில் குறைந்தது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். 6 லட்சத்துக்கு 36,000 ரூபாய். உண்மை லாபம் அதிகமாக இருந்தால் அதிகத்தையே காட்ட வேண்டும். 4.20 லட்சத்துக்கும் 36,000-க்கும் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். சிலர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததால்தான், குடியிருப்பு வீட்டையோ அதன் பகுதியையோ உரிமையாளர் வாடகைக்கு விடும் வருமானத்தைத் தொழில் தலைப்பில் காட்டக் கூடாது, வீட்டுச் சொத்தில்தான் காட்ட வேண்டும் என்று 2024 பட்ஜெட்டில் திருத்தம் கொண்டுவந்தார்கள்.

வெறும் சாவியைக் கொடுத்துவிட்டு வரும் வீட்டுக்கு இந்தத் திருத்தம் நேராகப் பொருந்தும். சமைத்துப் போட்டு, தினமும் அறை சுத்தம் செய்து, கூட இருந்து கவனிக்கும் ஹோம்ஸ்டே ஒரு சேவைத் தொழில் என்று வாதிட இடமிருக்கிறது. அப்படி வாதிட வேண்டுமானால் மளிகை பில், சம்பள வவுச்சர், சலவைக் கணக்கு எல்லாம் கையில் வேண்டும். ஒருமுறை ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்தால் ஆண்டுக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

இன்னொரு பக்கம், புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 2025-26 நிதியாண்டு முதல் தள்ளுபடி போக வரி வராது. வேறு பெரிய வருமானம் இல்லாத குடும்பத்துக்கு இந்தத் தலைப்புச் சண்டையே தேவையில்லை. வரி வராவிட்டாலும், வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

நடத்தும்போது

2021 ஜனவரியில் மசினகுடியில், விடுதிப் பக்கம் வந்த ஒரு யானை மேல் எரியும் டயரை வீசினார்கள். தீக்காயத்தோடு அலைந்து அது இறந்தது. அதன் பிறகுதான் அனுமதி இல்லாத விடுதிகள் மேல் மாவட்ட நிர்வாகத்தின் நடவடிக்கை வேகமெடுத்தது. அந்தப் படங்களைப் பார்த்த யாராலும் அதை மறக்க முடியாது. காட்டோரத்தில் கேம்ப் ஃபயர், ராத்திரி சஃபாரி, விலங்குக்குத் தீனி என்று எதையும் விருந்தினர் கேட்டாலும் செய்யாதீர்கள். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. உரிமம் இல்லாமல் மது பரிமாறுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இவற்றையெல்லாம் அறைச் சுவரில் ஒட்டுவதைவிட முன்பதிவின்போதே சொல்லிவிடுவது நல்லது. பிடிக்காதவர் அப்போதே வேறிடம் பார்த்துக்கொள்வார்.

கடைசியாக இ-பாஸ், அதாவது வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இது வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. சீசன் நேரத்தில் விருந்தினர் அட்வான்ஸ் கட்டிவிட்டு, பாஸ் கிடைக்காமல் அடிவாரச் சோதனைச் சாவடியில் நின்று நம்மைக் கூப்பிடுவார்கள். அதனால் பணம் வாங்கும் முன்பே இந்தச் செய்தியை அனுப்பிவிடுகிறேன். வேண்டுமானால் நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்:

"வணக்கம். உங்கள் தேதிக்கு அறை இருக்கிறது. முதலில் இ-பாஸ் எடுத்து அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள், அதன் பிறகு அட்வான்ஸ் போட்டால் போதும். வருகிற பெரியவர்கள் எல்லாருடைய அடையாள அட்டையும் வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு யாரிடமாவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவர வேண்டாம், மலையில் தடை, சாவடியில் வாங்கிவிடுவார்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் வீட்டில் இருக்கும். ராத்திரி சாப்பாடு வேண்டுமென்றால் மதியம் 3 மணிக்குள் சொல்லுங்கள்."